நேரடிப் போக்கர் போட்டி: ஆட்ட மேசையில் ஒரு நாள்

நேரடிப் போக்கர் போட்டி என்பது பலர் ஒரே கூடத்தில் கூடி, ஒரே நுழைவுக் கட்டணம் செலுத்தி, ஒரே அளவு சிப்புகளுடன் தொடங்கி ஆடும் சீட்டாட்டப் போட்டியாகும். சிப்புகளை எல்லாம் இழந்தவர் வெளியேறுவார். கடைசியில் ஒருவரிடமே எல்லாச் சிப்புகளும் வந்து சேரும்போது போட்டி முடிகிறது. கைப்பேசியில் ஆடும் இணையப் போக்கரிலிருந்து பிரித்துக் காட்டவே 'நேரடி' என்ற அடைமொழி சேர்க்கப்படுகிறது.

இவ்வகைப் போட்டிகளில் மிகவும் பெயர் பெற்றது அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் 1970 முதல் நடந்துவரும் உலகப் போக்கர் தொடர். அதன் முதன்மைப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். 2003 இல் அதில் 839 பேர் ஆடினர். இணையத்தில் சிறு கட்டணத் தகுதிப் போட்டி ஒன்றில் வென்று அங்கே வந்த கிறிஸ் மணிமேக்கர் என்னும் கணக்கர் 25 லட்சம் டாலர் பரிசை வென்றார். அதன் பிறகு கூட்டம் பெருகியது. 2024 இல் ஆடியவர்கள் 10,112 பேர்.

இந்தியாவில் இத்தகைய போட்டிகளுக்குப் பெயர் பெற்ற இடம் கோவா. 1976 ஆம் ஆண்டின் கோவா, தாமன், தியூ பொதுச் சூதாட்டச் சட்டத்தில் 1992 இல் செய்த திருத்தம் நட்சத்திர விடுதிகளில் இயந்திர ஆட்டங்களுக்கு வழிவிட்டது. 1996 திருத்தம் கப்பல்களில் மேசை ஆட்டங்களை அனுமதித்தது. பணஜி நகரில் மாண்டோவி ஆற்றில் நிற்கும் கேசினோக் கப்பல்கள் இந்தத் திருத்தத்தால் வந்தவை. வேர்ல்ட் போக்கர் டூர் நிறுவனத்தின் முதல் இந்தியப் போட்டி 2017 நவம்பரில் அங்குள்ள டெல்டின் ராயல் கப்பலில் நடந்தது. தமிழ்நாட்டில் கேசினோவுக்கு உரிமம் கிடையாது. எனவே விருதுநகரிலோ சிவகாசியிலோ சாத்தூரிலோ இருந்து ஒருவர் நேரடிப் போட்டி ஆட விரும்பினால் கோவாவுக்குத்தான் வண்டி ஏற வேண்டும்.

கடந்த சில ஆண்டுகளில் போக்கர் என்ற சொல் நம் பகுதி இளைஞர்களிடம் வந்து சேர்ந்தது கோவா வழியாக அன்று, கைப்பேசி விளம்பரங்கள் வழியாக. விளம்பரத்தில் வென்றவர் முகம் மட்டுமே தெரியும். ஒரு போட்டி நாள் உண்மையில் எப்படி நகர்கிறது, அதில் பணம் எங்கே போகிறது, தமிழ்நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

ரம்மி தெரிந்தவருக்குப் போக்கர்

தென்மாவட்டங்களில் சீட்டு என்றால் முதலில் 13 சீட்டு ரம்மிதான். தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் மூடிக்கிடக்கும் வாரங்களிலும், கல்யாண வீட்டின் முதல் நாள் இரவிலும், ஊர் மனமகிழ் மன்றங்களிலும் ஆடப்படுவது அதுவே. காசு வைத்து ஆடும் மங்காத்தாவும் மூணு சீட்டும் வேறு வகை. போக்கரை ஒருவர் இவற்றில் எதனோடு சேர்த்துப் புரிந்துகொள்கிறார் என்பதைப் பொறுத்தே அதைப் பற்றிய அவர் கருத்தும் அமைகிறது. நீதிமன்றங்களிலும் இதே குழப்பம்தான் நடந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

இன்று போட்டிகளில் மிகுதியாக ஆடப்படும் வகை 'டெக்சாஸ் ஹோல்டெம்'. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் கவிழ்த்துத் தரப்படும். பின்னர் மேசை நடுவே ஐந்து பொதுச் சீட்டுகள் திறக்கப்படும். முதலில் மூன்று சேர்ந்தாற்போல் வரும், இது ஃபிளாப். அடுத்து ஒன்று, டர்ன். கடைசியாக ஒன்று, ரிவர். தன் இரண்டையும் பொது ஐந்தையும் சேர்த்த ஏழில் சிறந்த ஐந்து சீட்டுகளே ஒருவரின் கை. ஜோடி, இரண்டு ஜோடி, மூன்று ஒரே எண், வரிசை, ஒரே இனம் என்று கைகளுக்குத் தர வரிசை உண்டு. ரம்மியில் ஜோக்கர் உண்டு, இங்கே இல்லை. ரம்மியில் சீட்டை எடுத்து, வேண்டாததைப் போட்டு, கையைச் சீர்செய்யலாம். போக்கரில் வந்த சீட்டு வந்ததுதான். மாற்ற முடிவது பந்தயத் தொகை ஒன்றே.

சீட்டு திறக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயச் சுற்று ஒன்று நடக்கும். ஆடுபவர் பந்தயம் வைக்கலாம், பிறர் வைத்ததற்கு ஈடு கொடுக்கலாம், உயர்த்தலாம், அல்லது சீட்டை மடக்கலாம். ரம்மிக்காரர்கள் 'ஸ்கூட்' என்று சொல்வதும் இந்த மடக்குதலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒரு வேறுபாடு உண்டு: ரம்மியில் ஸ்கூட் விடுபவருக்குப் புள்ளிகள் ஏறும், போக்கரில் மடக்குபவர் அதுவரை நடுவில் போட்டதை மட்டும் இழப்பார். எல்லோரும் மடக்கிவிட்டால் மிஞ்சியவர் தன் சீட்டைக் காட்டாமலே நடுத்தொகையை எடுத்துக்கொள்வார். போக்கரின் பொய்யாட்டம் முழுவதும் இந்த ஒரு விதியிலிருந்து பிறக்கிறது.

காலை: பதிவும் இருக்கையும்

போட்டிகள் பெரும்பாலும் நண்பகலை ஒட்டித் தொடங்கும். ஆடுபவர் அடையாள அட்டையைக் காட்டிப் பதிவு செய்து, கட்டணம் செலுத்தி, மேசை எண்ணும் இருக்கை எண்ணும் அச்சிட்ட சீட்டைப் பெறுவார். இருக்கை குலுக்கல் முறையில் அமையும். நண்பர்கள் இருவர் சேர்ந்து வந்தாலும் ஒரே மேசையில் கேட்டு வாங்க முடியாது. கூட்டாட்டத்தைத் தடுக்க இதுவே முதல் வேலி.

இக்கட்டுரை முழுவதற்கும் ஒரு கற்பனைப் போட்டியைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். நுழைவுக் கட்டணம் ரூ.10,000. இதில் ரூ.8,500 பரிசுத் தொகைக்கு, ரூ.1,500 நடத்துபவருக்கு. 200 பதிவுகள். ஒவ்வொருவருக்கும் 30,000 சிப்பு. இந்தச் சிப்புக்கு ரூபாய் மதிப்பு கிடையாது. பாதியில் எழுந்து கொடுத்துப் பணமாக மாற்ற முடியாது. கேசினோவின் மற்ற மேசைகளில் உள்ள சிப்புக்கும் போட்டிச் சிப்புக்கும் இது பெரிய வேறுபாடு. புதியவர்கள் பலர் இதை மேசையில் உட்கார்ந்த பிறகே அறிகிறார்கள்.

சீட்டுகளைக் கலைத்துப் போடுவது டீலரின் வேலை, ஆடுபவர் தொடுவதில்லை. புதுக் கட்டு பிரிக்கும்போது டீலர் 52 சீட்டையும் வரிசையாக விரித்துக் காட்டுவார். பிறகு மேசையில் பரப்பிக் கையால் கலப்பார், பலமுறை கோத்துக் கலைப்பார், கடைசியில் வெட்டி வைப்பார். போட்டிகளில் காகிதச் சீட்டுக்குப் பதில் முழுப் பிளாஸ்டிக் சீட்டே விரும்பப்படுகிறது. காகிதச் சீட்டின் ஓரம் மடங்கினால் அது அடையாளமாகிவிடும். சிவகாசி ஆப்செட் அச்சகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் மறுபக்கமும் புரியும்: பின்புற ஓவியம் ஒரு சீட்டில் நூலளவு தள்ளி அச்சாகிவிட்டாலும் அந்தக் கட்டு ஆட்டத்துக்கு ஆகாது. காலண்டரில் கண்ணுக்குத் தெரியாமல் போகும் அந்தப் பிசகு, கூர்ந்து பார்க்கும் ஒன்பது பேர் முன்னால் தப்பாது.

மேசை ஒழுங்குகளில் புதியவர் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. வாயால் சொன்னது கட்டுப்படுத்தும்: 'உயர்த்துகிறேன்' என்று சொல்லிவிட்டால் திரும்பப் பெற முடியாது. எதுவும் சொல்லாமல் பெரிய மதிப்புள்ள ஒற்றைச் சிப்பைப் போட்டால், அது முந்தைய பந்தயத்துக்கு ஈடு கொடுத்ததாகவே கொள்ளப்படும், உயர்த்தியதாக அன்று. சிப்புகளை இரண்டு தவணையாக முன்னே தள்ளக் கூடாது. முதல் பகுதியை வைத்து எதிராளியின் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டாவதை வைப்பது அநியாயம் என்பதால் இந்தத் தடை. பெரிய மதிப்புச் சிப்புகளை மற்றவர் பார்வைக்கு முன்னால் அடுக்கி வைக்க வேண்டும். ஆட்டம் நடக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் ஆலோசனை கேட்கக் கூடாது. பல அரங்குகளில், ஒரு கை நடந்துகொண்டிருக்கும்போது மேசையில் எல்லோருக்கும் புரியும் மொழியிலேயே பேச வேண்டும் என்பதும் விதி. கோவா மேசையில் இரண்டு தமிழர் தமக்குள் தமிழில் ஒரு வார்த்தை பேசிக்கொண்டால் கண்காணிப்பாளர் வந்து நிற்பார். இவ்விதிகளில் பல, 2001 இல் தொடங்கிய போட்டி நெறியாளர் சங்கம் வகுத்தவற்றை ஒட்டியவை.

பகல்: மடக்குவதே வேலை

ஒவ்வொரு கைக்கும் முன்னால் இருவர் கட்டாயப் பந்தயம் வைக்க வேண்டும். சின்ன பிளைண்ட், பெரிய பிளைண்ட் என்பன அவை. இக்கடமை மேசையைச் சுற்றி ஒவ்வொருவராக நகரும். தொடக்கத்தில் 100, 200 என்று இருக்கும். குறித்த நேரத்துக்கு ஒருமுறை, நம் எடுத்துக்காட்டில் 40 நிமிடத்துக்கு ஒருமுறை, இது உயரும். பத்தாம் நிலையில் 1,000, 2,000 ஆகும். பதினைந்தாம் நிலையில் 4,000, 8,000 ஆகும். பெரிய பிளைண்ட் வைப்பவர் மேசை முழுவதற்கும் சேர்த்து 'ஆன்டி' என்ற கூடுதல் தொகையும் வைப்பது இப்போதைய வழக்கம். இந்த ஏற்றம் இல்லையென்றால் நல்ல சீட்டுக்காக எல்லோரும் நாள் கணக்கில் காத்திருப்பார்கள், போட்டி முடியாது. சும்மா இருப்பவரையும் சிறுகச் சிறுகக் கரைப்பதற்கே இது வைக்கப்பட்டிருக்கிறது.

பதினைந்து நிலைகள் என்றால் பத்து மணி நேர ஆட்டம். இடைவேளைகளும் இரவு உணவும் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரம். ஒன்பது பேர் மேசையில், மனிதர் கலைத்துப் போடும் வேகத்தில், மணிக்குச் சுமார் 25 கைகள் நடக்கும். ஆக நாளுக்கு 250 கைகள். கவனமாக ஆடுபவர் ஐந்தில் ஒன்றைத்தான் ஆடுவார். மீதி 200 முறை சீட்டைப் பார்த்து டீலரிடம் தள்ளிவிடுவார்.

இரண்டு சீட்டுகள் வரக்கூடிய விதங்கள் மொத்தம் 1,326. அவற்றுள் இரண்டு ஏஸ் வருவன 6. எனவே 221 கைக்கு ஒருமுறைதான் ஏஸ் ஜோடி வரும். அதாவது காலை முதல் நள்ளிரவு வரை உட்கார்ந்தால் சராசரியாக ஒரு தடவை. அந்த ஒரு தடவையும் எல்லோரும் மடக்கிவிட்டால் கிடைப்பது பிளைண்டுகள் மட்டுமே. எதிரில் ராஜா ஜோடியோடு ஒருவர் வந்து மொத்தச் சிப்பையும் வைத்தாலும், ஏஸ் ஜோடி வெல்வது நூற்றில் ஏறத்தாழ 82 முறைதான். ஐந்தில் ஒன்றுக்குச் சற்றே குறைவான தடவைகளில், தவறே செய்யாத ஒருவர் எழுந்து வீட்டுக்குப் போவார்.

திரைப்படங்களில் காட்டுவது போல் முகத்தைப் பார்த்தே சீட்டைச் சொல்லிவிடும் திறமை மிகைப்படுத்தப்பட்ட ஒன்று. நேரடி ஆட்டத்தில் கிடைக்கும் தகவல் பெரும்பாலும் வேறு வகைப்பட்டது: யார் எத்தனை கைகள் ஆடுகிறார், இழந்த பிறகு பந்தயத்தை உயர்த்துகிறாரா, இடைவேளைக்கு ஐந்து நிமிடம் முன்பு அவசரப்படுகிறாரா. மடக்கிவிட்டுக் கைப்பேசியைப் பார்ப்பவர் இந்தத் தகவலை எல்லாம் இழக்கிறார். களைப்பும் ஒரு கணக்கு. எட்டாவது மணி நேரத்தில் எடுக்கும் முடிவு முதல் மணி நேர முடிவைப் போல இருப்பதில்லை.

முடிவெடுக்கும் கணக்கு

நடுத்தொகையில் 6,000 இருக்கிறது. எதிராளி 3,000 பந்தயம் வைக்கிறார். நீங்கள் ஈடு கொடுக்க 3,000 வேண்டும். கொடுத்தால் மொத்தம் 12,000 ஆகும். ஆக நான்கில் ஒரு பங்குக்கு மேல் வெல்லும் வாய்ப்பு இருந்தால்தான் ஈடு கொடுப்பது நட்டமில்லாதது. உங்களிடம் கிளாவர் இரண்டு, பொதுச் சீட்டு நான்கில் கிளாவர் இரண்டு. இன்னும் ஒன்று வந்தால் ஒரே இனம் ஐந்து சேரும், வெல்லலாம். தெரியாத சீட்டுகள் 46, அவற்றில் கிளாவர் 9. வாய்ப்பு 19.6 சதவீதம். 25 தேவைப்படும் இடத்தில் 19.6 இருக்கிறது. மடக்க வேண்டும். எதிராளி 3,000 க்குப் பதில் 1,500 மட்டும் வைத்திருந்தால்? அப்போது மொத்தம் 9,000 ஆகும், தேவைப்படுவது 16.7 சதவீதம். ஈடு கொடுக்கலாம். அடுத்த சீட்டு கிளாவராக வந்ததா இல்லையா என்பது முடிவு சரியா தவறா என்பதைத் தீர்மானிப்பதில்லை. மாணவர்களுக்கு நிகழ்தகவு கற்பிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு குறைவு. ஆனால் வகுப்பறையில் இதைச் சொல்ல ஆசிரியர்கள் தயங்குவதும் நியாயமே.

இந்தக் கணக்கு எளிது. கடினமானது, எதிராளியிடம் என்ன இருக்கும் என்ற ஊகம். சதுரங்கத்தில் எல்லாக் காய்களும் இருவர் கண்ணுக்கும் தெரியும். போக்கர் அப்படி அன்று. விருதுநகர் வத்தல் வியாபாரியின் நிலையே இதற்கு நெருக்கமானது. தன் கிட்டங்கியில் எத்தனை மூடை இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அடுத்தவர் கிட்டங்கியில் எத்தனை என்று தெரியாது. அவர் விலையைக் குறைத்தால் சரக்கு மிகுந்து கிடக்கிறதா, அல்லது மிகுந்து கிடப்பதாக நாம் நினைக்க வேண்டும் என்று குறைக்கிறாரா? முழுத் தகவல் இல்லாத இத்தகைய நிலைகளைக் கணிதமாக்கும் துறைக்கு ஆட்டக் கோட்பாடு என்று பெயர். ஜான் வான் நியூமான் 1928 இல் எழுதிய கட்டுரை அதற்கு அடித்தளமிட்டது. அவர் ஆஸ்கர் மார்கென்ஸ்டெர்னுடன் சேர்ந்து 1944 இல் வெளியிட்ட நூலில் போக்கருக்குத் தனி இடமே உண்டு. பொய்யாட்டம் என்பது குணக்கேடோ துணிச்சலோ அன்று, சரியான விகிதத்தில் கலக்க வேண்டிய ஒரு கூறு என்பதை அவர் கணக்கால் காட்டினார். 2017 இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ரேட்டஸ் என்னும் கணினி நிரல், இருவர் ஆடும் போக்கரில் தேர்ந்த ஆட்டக்காரர் நால்வரை 1,20,000 கைகளில் தோற்கடித்தது. அதற்கு முகம் பார்க்கத் தெரியாது.

மாலை: பரிசு எல்லையின் ஓரத்தில்

சாயங்காலம் ஆகும்போது கூடம் வெறிச்சோடத் தொடங்கும். ஆள் குறையக் குறைய மேசைகளைக் கலைத்து மற்ற மேசைகளில் சேர்ப்பார்கள். சிறு மதிப்புச் சிப்புகளைத் திரும்பப் பெற்றுப் பெரியவை தருவார்கள்.

பத்தாம் நிலையில் 20,000 சிப்போடு இருப்பவரைப் பார்ப்போம். ஒரு சுற்றுக்குச் சின்ன பிளைண்ட், பெரிய பிளைண்ட், ஆன்டி சேர்ந்து 5,000 போகும். ஒன்றுமே ஆடாமல் இருந்தால் நான்கு சுற்று, அதாவது 36 கைகள், ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இந்த நிலையில் நல்ல சீட்டுக்குக் காத்திருப்பதே தவறாகிவிடுகிறது. சுமாரான சீட்டில் மொத்தத்தையும் முன்னே தள்ள வேண்டிய கட்டாயம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெறும் சூதாட்டத் துணிச்சல் போலத் தோன்றும். உண்மையில் இருக்கும் வழிகளில் நட்டம் குறைந்தது அதுதான்.

நம் போட்டியில் 30 பேருக்குப் பரிசு என்று வைத்துக்கொள்வோம். 31 பேர் மிஞ்சியிருக்கும் நேரம்தான் நாளின் மிகக் கடினமான நேரம். அடுத்து வெளியேறும் ஒருவருக்கு ஒன்றுமில்லை, அதற்கடுத்தவருக்குப் பணம் உண்டு. ஒரு மேசை மெதுவாக ஆடி அடுத்த மேசையில் யாராவது விழும்வரை காத்திருப்பதைத் தடுக்க, எல்லா மேசைகளும் ஒவ்வொரு கையையும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிக்க வேண்டும் என்று அறிவிப்பார்கள். ஒரு கைக்கு இரண்டு நிமிடம், பின் எல்லோரும் எழுந்து நின்று மற்ற மேசைகளைப் பார்ப்பார்கள். சிப்பு மிகுந்தவர் இந்த நேரத்தில் ஈவிரக்கமின்றிப் பந்தயத்தை உயர்த்துவார், நடுவில் உள்ளவர்கள் பயந்து மடக்குவார்கள்.

அந்தப் பயத்துக்குக் கணக்கில் இடம் உண்டு. மூவர் மிஞ்சியிருக்கிறார்கள், மூவரிடமும் சமச் சிப்பு, பரிசுகள் ரூ.50,000, ரூ.30,000, ரூ.20,000 என்க. ஒவ்வொருவர் நிலையின் மதிப்பும் ரூ.33,333. இப்போது இருவர் மொத்தச் சிப்பையும் வைத்து மோதுகிறார்கள். தோற்றவருக்கு ரூ.20,000. வென்றவரிடம் மூன்றில் இரண்டு பங்கு சிப்பு சேரும். ஆனால் அவருக்கு முதலிடம் உறுதியில்லை. மூன்றில் இரண்டு வாய்ப்பு முதலிடம், மூன்றில் ஒன்று இரண்டாமிடம் என்று கணக்கிட்டால் அவர் நிலையின் மதிப்பு ரூ.43,333. வென்றால் கூடுவது ரூ.10,000, தோற்றால் குறைவது ரூ.13,333. சமமான மோதல் இருவருக்குமே நட்டம். 57 சதவீதத்துக்கு மேல் வெல்லும் வாய்ப்பு இருந்தால்தான் மோத வேண்டும். இடையில் மிச்ச ரூ.3,333 எங்கே போனது? ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்த மூன்றாமவருக்கு. அவர் நிலையின் மதிப்பு ரூ.36,667 ஆகிவிட்டது. பணத்துக்கு ஆடும் சாதாரண மேசைக்கும் போட்டிக்கும் உள்ள வேறுபாடு இந்த மூன்றாமவரிடம் இருக்கிறது.

நள்ளிரவு

நாள் முடிவில் கடைசிச் சில கைகள் என்று அறிவித்துக் கடிகாரத்தை நிறுத்துவார்கள். மிஞ்சியவர்கள் தம் சிப்புகளை எண்ணி, ஒளி ஊடுருவும் பையில் இட்டு, பெயரும் தொகையும் எழுதிக் கையொப்பமிட்டு முத்திரையிடுவார்கள். மறுநாள் புதுக் குலுக்கலில் புது இருக்கை. 200 பேரின் 60 லட்சம் சிப்பு இப்போது முப்பதுக்கும் குறைவான பைகளில் இருக்கும். மற்றவர்கள் அதற்கு எவ்வளவோ முன்னரே ஆற்றங்கரைச் சாலைக்கு வந்துவிட்டிருப்பார்கள். இரண்டாம் முறை கட்டணம் செலுத்தி மறுநுழைவு செய்ய அனுமதிக்கும் போட்டிகளில் அவர்களில் சிலர் ரூ.20,000 இழந்திருப்பார்கள்.

பணம் எங்கே போகிறது

200 பதிவுகளில் திரண்டது ரூ.20 லட்சம். பரிசுக்குப் போவது ரூ.17 லட்சம். ஆக, சராசரித் திறமையுள்ள ஒருவர் செலுத்தும் ஒவ்வொரு ரூ.10,000 க்கும் நெடுங்காலச் சராசரியில் ரூ.8,500 திரும்ப வரும். மற்றவரைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடினால் போதாது. அந்த 15 சதவீதத்தையும் தாண்டி நன்றாக ஆட வேண்டும். பயணம், தங்கும் செலவு தனி.

அடுத்தது வரி. 1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 115பிபி பிரிவு, சீட்டாட்டம் உள்ளிட்ட ஆட்டங்களில் வென்ற தொகைக்கு 30 சதவீத வரி விதித்தது. மேல்வரி தனி. பரிசு தரும்போதே வரியைப் பிடித்துவிடுவார்கள். இதில் பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு: தோற்ற போட்டிகளின் கட்டணத்தை வென்ற தொகையிலிருந்து கழிக்க முடியாது. பத்துப் போட்டிகளுக்கு ரூ.1 லட்சம் கட்டி, ஒன்றில் ரூ.1.2 லட்சம் வென்றவர் கையில் ரூ.20,000 லாபம் என்று நினைப்பார். வென்ற தொகைக்கு வரி மட்டும் ரூ.36,000. அவர் உண்மையில் ரூ.16,000 நட்டத்தில் இருக்கிறார்.

தமிழ்நாட்டுச் சட்டம்

'காசு வைத்துச் சீட்டு விளையாடியவர்கள் கைது' என்ற செய்தி நம் நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்துக்குப் பழகிப்போனது. அந்த வழக்குகளின் வேர் 1930 ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம். சூதாட்ட விடுதி நடத்துவதையும் அங்கே ஆடுவதையும் அது குற்றமாக்குகிறது. ஆனால் அதன் 11 ஆம் பிரிவு, திறமையை மட்டுமே சார்ந்த ஆட்டங்களுக்கு விலக்கு அளிக்கிறது. எது திறமை, எது வாய்ப்பு என்ற வாதம் முழுவதும் இந்த ஒரு பிரிவைச் சுற்றியது.

செகந்திராபாத் மன்றம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1967 நவம்பரில், விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து ஆடுவதால் ரம்மி பெரிதும் திறமை சார்ந்த ஆட்டம் என்றது. மூணு சீட்டை வெறும் வாய்ப்பாட்டம் என்று விலக்கியது. 1996 இல் குதிரைப் பந்தயம் பற்றிய லட்சுமணன் வழக்கில், திறமை மேலோங்கி நின்றால் போதும் என்று அந்த அளவுகோல் உறுதிப்பட்டது. போக்கர் இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்பதில் மாநிலங்கள் ஒத்துப்போகவில்லை. மேற்கு வங்கத்தின் 1957 ஆம் ஆண்டுச் சட்டம் போக்கரைச் சூதாட்டத்தின் வரையறையிலிருந்தே விலக்குகிறது. குஜராத் உயர் நீதிமன்றம் 2017 இல் அதை வாய்ப்பாட்டம் என்றது.

தமிழ்நாட்டில் பிரச்சினை முற்றியது இணைய ரம்மியால். பணம் இழந்தவர்களின் தற்கொலைச் செய்திகள் தொடர்ந்து வந்தன. 2021 இல் கொண்டுவந்த தடைச் சட்டத் திருத்தத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் ரத்து செய்தது. 2022 இல் ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைந்தது. அதன் அறிக்கையை அடுத்து அவசரச் சட்டமும் மசோதாவும் வந்தன. ஆளுநர் திருப்பி அனுப்பிய மசோதா 2023 மார்ச்சில் சட்டமன்றத்தில் மீண்டும் நிறைவேறி, ஏப்ரலில் சட்டமானது. அதன் அட்டவணை ரம்மியையும் போக்கரையும் பெயர் சொல்லி வாய்ப்பாட்டங்கள் என்றது. 2023 நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, அந்த அட்டவணை திறமை ஆட்டங்களான ரம்மிக்கும் போக்கருக்கும் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணையவழி ஆட்டங்கள் பற்றிய சட்டத்தை இயற்றியது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் திறமை, வாய்ப்பு என்ற வேறுபாடே பார்க்காமல் அது தடை செய்தது. அந்த மாதமே பெரிய தளங்கள் பண ஆட்டங்களை நிறுத்தின.

நேரடிப் போட்டிகள் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. பந்தயமும் சூதாட்டமும் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலில் 34 ஆம் இனமாக உள்ளன. ஆகவே கோவாவில் உரிமத்தோடு நடப்பது சிவகாசியில் ஒரு விடுதி அறையில் நடந்தால் 1930 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்காகலாம். நாங்கள் ஆடியது திறமையாட்டம் என்று நிறுவும் பொறுப்பு ஆடியவர் தலையில் விழும், அதுவும் காவல் நிலையத்துக்குப் போன பிறகு.

வாய்ப்பின் பங்கைக் குறைக்கும் ஒரு வகையும் உண்டு. மேட்ச் போக்கர் என்ற அணிப் போட்டியில் எல்லா மேசைகளிலும் ஒரே எண்ணுள்ள இருக்கைக்கு ஒரே சீட்டுகள் தரப்படும். ஓர் அணியின் ஆட்டக்காரர்கள் வெவ்வேறு மேசைகளில் வெவ்வேறு இருக்கைகளில் அமர்வார்கள். ஏஸ் ஜோடி வந்தது என்பதற்காக யாருக்கும் புள்ளி இல்லை. அதே ஏஸ் ஜோடி வந்த மற்ற மேசைக்காரரைவிட அதைக் கொண்டு எவ்வளவு கூடுதலாகச் சேர்த்தார் என்பதற்கே புள்ளி. டூப்ளிகேட் பிரிட்ஜ் ஆடுபவர்களுக்கு இந்த முறை பழக்கமானது. இதை ஆடப் பந்தயப் பணம் எதுவும் தேவையில்லை, கோவாவுக்குப் போகவும் வேண்டியதில்லை.